உழைப்பா, நஸீபா?



அன்பார்ந்த இளைஞர்களே, மதிப்புக்குரிய பெற்றோர்களே!

வாழ்க்கைத் தொழிலில் ஒருவர் முன்னேறுவது அவருடைய உழைப்பினாலா, நஸீபினாலா என்னும் வினா நம் வீடுகளில் அடிக்கடி எழுகின்றது. உயர்தரப் பெறுபேறுகள் வெளியாகும் நாளில் எழுகின்றது. அயல்வீட்டுப் பிள்ளைக்கு வெளிநாட்டு வேலை கிடைத்த செய்தி வரும்போது எழுகின்றது. ஹட்டன் கடைத்தெருவில் அருகருகே திறக்கப்பட்ட இரண்டு கடைகளில் ஒன்று செழித்து, மற்றொன்று மூடப்படும்போதும் எழுகின்றது.

இவ்வினாவுக்கு நம்மிடையே இரண்டு விடைகள் வழங்கி வருகின்றன. "எல்லாம் தலையெழுத்து, எழுதப்பட்டதே நடக்கும்" என்பது ஒன்று. இதனைக் கூறுவோர் நாளடைவில் கையைக் கட்டிக்கொண்டு அமர்ந்துவிடுகின்றனர். "உழைத்தவன் உயர்ந்தான், உயராதவன் உழைக்கவில்லை" என்பது மற்றொன்று. கேட்பதற்கு இது ஊக்கமளிக்கும் சொல்லாகத் தோன்றும். ஆயினும் உழைத்தும் தோற்றுப்போன ஒருவரின் முகத்துக்கு நேரே இதைக் கூறும்போது, அது அவர் மீது எறியப்படும் கல்லாகிவிடுகின்றது. முதல் விடை இளைஞனைச் சோம்பேறியாக்கும். இரண்டாவது விடை வென்றவனைக் கர்வம் கொள்ளச் செய்து, தோற்றவனை நொறுக்கிவிடும்.

அப்படியாயின் சரியான விடை எது? அதனை நாம் தூரத்தில் தேட வேண்டியதில்லை. நாம் வாழும் இம்மலைகளின் வரலாற்றிலேயே அதற்குரிய படிப்பினைகள் நிறைந்து கிடக்கின்றன.

கோப்பி அழிந்த காலம்

இன்று தலவாக்கலையிலும் கொட்டகலையிலும் பொகவந்தலாவையிலும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை தேயிலையைக் காண்கின்றோம். ஆனால் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மத்திய மலைநாட்டின் செல்வமாக இருந்தது கோப்பியே ஆகும். கடன் வாங்கிக் காணி பெற்று, காடு வெட்டிக் கோப்பி பயிரிட்ட துரைமார் பலர். அத்தோட்டங்களில் உழைப்பதற்காகத் தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்து, மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே கால்நடையாக வந்தோர் ஆயிரமாயிரம் பேர். நோயாலும் பசியாலும் வழியிலேயே மடிந்தோரும் அநேகர். உழைப்பு என்ற ஒன்றுக்கு அங்கே குறைவிருக்கவில்லை.

1869ஆம் ஆண்டில் கோப்பி இலைகளில் செம்மஞ்சள் நிறத் துரு போன்ற ஒரு நோய் கண்டறியப்பட்டது. அது ஒரு வகைப் பூஞ்சணம். காற்றோடு பறந்து மலைக்கு மலை தாவிய அந்நோய், சுமார் 20 ஆண்டுகளுக்குள் இந்நாட்டின் கோப்பித் தொழிலை ஏறத்தாழ இல்லாதொழித்தது. அதிகாலையில் எழுந்து தோட்டத்தைப் பார்த்தவரும் கடனாளியானார். பங்களாவில் உறங்கிக் கிடந்தவரும் கடனாளியானார். வேலையிழந்த தொழிலாளரின் துன்பமோ அவர்கள் எல்லோருடைய துன்பத்தையும் விடப் பெரிது. உழைப்பு மட்டுமே வெற்றியைத் தருமாயின், அவர்களுள் எத்தனையோ பேர் வென்றிருக்க வேண்டும்.

ஒரே பயிர், இரண்டு மனிதர்கள்

இப்போது அதே காலத்தில் வாழ்ந்த ஒருவரைப் பார்ப்போம். ஸ்கொட்லாந்தில் பிறந்த ஜேம்ஸ் டெய்லர் 1852ஆம் ஆண்டில், இருபது வயதை எட்டாத இளைஞராக இலங்கைக்கு வந்தார். ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள லூல்கந்துர தோட்டத்தில் பணிபுரிந்தார். 1867ஆம் ஆண்டில், அதாவது கோப்பி நோய் கண்டறியப்படுவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே, அங்கே 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். பங்களாவின் வராந்தாவிலேயே இலையைக் கையால் உருட்டி, அடுப்பில் உலர்த்தி, மீண்டும் மீண்டும் பரிசோதித்துப் பார்த்தார். 1873இல் இங்கிருந்து இலண்டனுக்குச் சென்ற தேயிலையின் அளவு வெறும் 23 இறாத்தல் மட்டுமே. கோப்பி வீழ்ந்தபோது இந்நாட்டைத் தாங்குவதற்கு ஒரு பயிர் தயாராக இருந்ததென்றால், அதற்கு இம்மனிதரின் பொறுமை மிக்க உழைப்பும் ஒரு முக்கிய காரணமாகும்.

அந்த உழைப்பினால் அவர் அடைந்ததென்ன? பெருஞ்செல்வத்தை அவர் அடையவில்லை. ஏறத்தாழ 40 ஆண்டுகள் ஒரே தோட்டத்தில் பாடுபட்ட அவர், 1892ஆம் ஆண்டில் அப்பணியிலிருந்து விலக்கப்பட்டார். அதே ஆண்டில் வயிற்றுளைவு நோயினால் அத்தோட்டத்திலேயே இறந்தார். கண்டி மஹியாவையிலுள்ள மயானத்தில் அவரது உடல் அடக்கம் செய்யப்பட்டுள்ளது.

மற்றொருவர் தோமஸ் லிப்டன். அவர் இலங்கைக்கு வந்தது 1890ஆம் ஆண்டில். காடு வெட்டும் வேலையும் சோதனை செய்யும் வேலையும் அதற்குள் முடிந்துவிட்டிருந்தன. கோப்பி வீழ்ச்சியினால் தோட்டங்கள் மலிந்த விலைக்குக் கிடைத்தன. அவர் ஹப்புத்தளைப் பகுதியின் தம்பேதன்ன முதலிய தோட்டங்களை வாங்கினார். இடைத்தரகரின்றித் தேயிலையைப் பொதி செய்து தமது கடைகளிலேயே குறைந்த விலைக்கு விற்றார். உலகமெங்கும் அறியப்பட்ட செல்வந்தரானார். 1898இல் பிரித்தானிய அரசி அவருக்கு 'சேர்' பட்டம் வழங்கினார்.

அவ்வாறாயின் லிப்டன் நஸீபினால் மட்டுமே உயர்ந்தவரா? அதுவும் இல்லை. அவர் கிளாஸ்கோ நகரில் ஏழைப் பெற்றோருக்குப் பிறந்தவர். சிறுவயதிலேயே வேலைக்குச் சென்றார். அமெரிக்காவுக்குச் சென்று தோட்டங்களிலும் கடையிலும் கூலிக்கு உழைத்தார். 1871இல் சொந்தக் கடையொன்றைத் திறந்து, சிறுகச் சிறுக வளர்ந்தார். இலங்கையில் தோட்டங்கள் மலிந்தபோது அவற்றை வாங்குவதற்குப் பணமும், விற்பதற்குக் கடைகளும் அவரிடம் ஆயத்தமாக இருந்தன.

நேயர்களே! இவ்விருவரையும் அருகருகே வைத்துச் சிந்தியுங்கள். இருவரும் உழைத்தனர். ஒருவரின் உழைப்பு காலத்துக்கு முந்தி வந்தது. மற்றவரின் உழைப்பு காலத்தோடு பொருந்தி வந்தது. லிப்டனின் நஸீப் என்று நாம் எதனைக் கூறுகின்றோமோ அதன் ஒரு பகுதி உண்மையில் டெய்லரின் உழைப்பு. மற்றொரு பகுதி பெயரறியப்படாத ஆயிரக்கணக்கான தொழிலாளரின் உழைப்பு. ஒருவருக்குக் கிடைக்கும் நஸீப் பல வேளைகளில் மற்றொருவர் சிந்திய வியர்வையாகவே இருக்கின்றது. இதனை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். பின்னர் மீண்டும் இதற்கு வருவோம்.

இத்தாலியின் கட்டானியாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2018ஆம் ஆண்டில் கணினி மூலம் ஒரு கணக்கைச் செய்து பார்த்தனர். திறமையில் வேறுபட்ட ஆயிரம் கற்பனை மனிதர்களை 40 ஆண்டுகள் வாழவிட்டு, நல்ல சந்தர்ப்பங்களும் கெட்ட சந்தர்ப்பங்களும் அவர்களைத் தற்செயலாக வந்தடையுமாறு அமைத்தனர். முடிவில் மிகப் பெரும் செல்வத்தை அடைந்தோர், பெரும்பாலும் மிகத் திறமைசாலிகளாக இருக்கவில்லை. நடுத்தரத் திறமையும் மிகுந்த சந்தர்ப்பமும் வாய்த்தவர்களாகவே இருந்தனர். எனினும் அக்கணக்கில் ஒரு நிபந்தனை இருந்தது. நல்ல சந்தர்ப்பம் வந்தாலும் அதனைப் பயனாக்குவதற்குத் திறமை வேண்டும் என்பதே அது. டெய்லர், லிப்டன் ஆகியோரின் வாழ்க்கை காட்டுவதும் இதுவே.

கொழுந்துக் கூடையின் நிறை

உழைப்புக்கு ஏற்ற உயர்வு தானாக வரும் என்று நம்புவோர், மலையில் கொழுந்து பறிக்கும் ஒரு தாயைச் சற்று நோக்கட்டும். விடியுமுன் எழுந்து, லயத்து அறையில் சமைத்து, பிள்ளையைப் பிள்ளைக் காப்பகத்தில் விட்டு, பெரட்டுக்குச் சென்று, அட்டை கடிக்கும் மலையில் கூடை சுமந்து நிற்கின்றார். குறித்த நிறைக்குக் கொழுந்து பறித்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். அவருடைய நாட்சம்பளம் 1000 ரூபா ஆவதற்கு 2021ஆம் ஆண்டு வரையும், 1350 ரூபா ஆவதற்கு 2024ஆம் ஆண்டு வரையும் காத்திருக்க வேண்டியிருந்தது. உழைப்பே உயர்வின் அளவுகோல் என்றால், இந்நாட்டின் செல்வந்தர்கள் அத்தாய்மாராகவே இருந்திருக்க வேண்டும்.

அவரது கூடையிலும் ஒரு பாடம் உண்டு. மழை பெய்து கொழுந்து செழித்த மாதத்தில் அவர் கை நிறையப் பறிக்கின்றார். ஜனவரி முதல் மார்ச் வரை வரண்ட காற்று வீசும் காலத்தில், அதே கை, அதே நேரம் உழைத்தும் கூடை நிறைவதில்லை. ஆனால் அந்த வரட்சியே டிம்புள்ளைப் பகுதித் தேயிலைக்குச் சிறந்த மணத்தைத் தருகின்றது. கொழும்பு ஏலத்தில் அதற்கு நல்ல விலை கிடைக்கும் காலமும் அதுவே. ஒரே காற்று, பறிப்பவருக்கு நட்டத்தையும் விற்பவருக்கு இலாபத்தையும் கொண்டு வருகின்றது. கூடையில் குறைந்த நிறையைக் கண்டு அத்தாயைச் சோம்பேறி என்று கூறுவது எவ்வளவு பெரிய அநியாயம்!

அநீதிக்குத் தலையெழுத்து என்று பெயரிடாதீர்கள்

மற்றொன்றையும் நாம் பிரித்தறிய வேண்டும். நஸீப் என்று நாம் கூறுபவற்றுள் எல்லாமே மழையும் காற்றும் போன்றவை அல்ல. மனிதர் எழுதிய சட்டங்களும் அவற்றுள் உண்டு.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், தோட்டங்களில் வாழ்ந்த இந்திய வம்சாவளித் தமிழரில் மிகப் பெரும்பான்மையினரை நாடற்றவராக்கியது. 1964இல் செய்யப்பட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கிடையே எண்ணிக்கையாகப் பங்கிட்டது. எஞ்சியிருந்தோருக்கும் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் நிறைவேறியது 2003ஆம் ஆண்டிலேயே. அதுவரை ஒரு நாடற்ற பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், அரசாங்க உத்தியோகத்தின் கதவு அவருக்கு மூடியே இருந்தது. 1945இல் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோதும், தோட்டப் பாடசாலைகள் அந்த நிழலுக்கு வெளியிலேயே நின்றன. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையான பின்னரே அப்பாடசாலைகளும் படிப்படியாக அரசாங்கத்தின் பொறுப்பில் வந்தன.

இதனைத் தலையெழுத்து என்று கூறி அவர்கள் அமர்ந்திருந்தார்களா? இல்லை. சங்கம் அமைத்தனர், வாதாடினர், இரவுப் பாடசாலைகளை நடத்தினர். அதன் பயனாக இன்று மலையகத்திலிருந்து ஆசிரியர்களும் சட்டத்தரணிகளும் மருத்துவர்களும் உருவாகியுள்ளனர். பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்து, தோட்டப் பாடசாலைகளுக்கு மலையகத்துப் பிள்ளைகளையே ஆசிரியர்களாக அனுப்பி வருகின்றது. அவர்கள் நம் அயலவர்கள். அவர்களிடமிருந்து நாம் கற்க வேண்டியது, மாற்றக்கூடிய அநீதியை மாற்ற முடியாத விதியாக எண்ணி ஒதுங்காதிருத்தலாகும்.

மார்க்கம் காட்டும் வழி

கத்ரை நம்புவது நம் ஈமானின் ஓர் அங்கம். ஆனால் கத்ரை நம்புவதும் கையைக் கட்டிக்கொண்டிருப்பதும் ஒன்றல்ல. ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டட்டுமா என்று வினவிய மனிதருக்கு, முதலில் கட்டிவிட்டுப் பின்னர் பொறுப்புச் சாட்டுமாறே நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். தவக்குலுக்கு அவர்கள் காட்டிய மற்றோர் உவமை பறவையாகும். அது வெறும் வயிற்றோடு காலையில் வெளியேறி, நிறைந்த வயிற்றோடு மாலையில் திரும்புகின்றது. அது கூட்டிலேயே இருந்தவாறு உணவு பெறுவதில்லை என்பதைக் கவனியுங்கள்.

உமர் (ரழி) அவர்கள் ஷாம் தேசத்தை நோக்கிச் சென்றபோது, அங்கே கொள்ளைநோய் பரவியுள்ளதை அறிந்து திரும்ப முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து தப்பியோடுவதா என்று அபூ உபைதா (ரழி) அவர்கள் வினவினார்கள். ஒரு விதியிலிருந்து மற்றொரு விதியை நோக்கியே செல்வதாக உமர் (ரழி) அவர்கள் பதிலளித்து, ஒரு பக்கம் பசுமையும் மறுபக்கம் வரட்சியுமான ஒரு பள்ளத்தாக்கை உதாரணம் காட்டினார்கள். எப்பக்கத்தில் ஒட்டகத்தை மேய்த்தாலும் அது விதியின்படியே. ஆயினும் மேய்ப்பவன் பசுமையான பக்கத்தைத் தேடிச் செல்ல வேண்டியவனே. மலைச்சரிவுகளில் வாழும் நமக்கு இதனைவிடத் தெளிவான உதாரணம் வேறில்லை.

மர்யம் (அலை) அவர்கள் பிரசவ வேதனையில் பேரீச்ச மரத்தடியில் இருந்தபோது, அம்மரத்தை உலுக்குமாறு பணிக்கப்பட்டதை அல்குர்ஆன் கூறுகின்றது. பலசாலியான ஆணும் அசைக்க இயலாத மரம் அது. பழத்தைத் தந்தவன் அல்லாஹ். எனினும் மரத்தில் கை வைப்பது அவர்களின் பங்காக இருந்தது.

வென்றவருக்குரிய எச்சரிக்கையும் உண்டு. காரூன் தன் செல்வமனைத்தும் தன்னிடமிருந்த அறிவினாலேயே கிடைத்ததாகப் பெருமை பேசினான். அவன் அறிவில்லாதவன் என்று அங்கே கூறப்படவில்லை. தந்தவனை மறந்ததும், எளியோரின் பங்கை மறுத்ததுமே அவனை அழித்தன. "நானே உழைத்து, நானே உயர்ந்தேன்" என்று கூறும்போதெல்லாம் நாம் யாருடைய மொழியைப் பேசுகின்றோம் என்பதைச் சிந்திக்க வேண்டும்.

வளைந்த கையும் அயராத பயிற்சியும்

இளைஞர்களுக்கு நன்கு தெரிந்த ஓர் உதாரணத்தையும் கூறுகின்றேன். முத்தையா முரளிதரன் 1972இல் கண்டியில் பிறந்தார். அவருடைய பாட்டனார் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்வதற்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். தந்தையார் பிஸ்கட் தயாரிக்கும் தொழிலை நடத்தினார். அத்தொழில் மகனை நல்ல பாடசாலைக்கு அனுப்பியது. அவரது வலது முழங்கை பிறவியிலேயே வளைந்திருந்தது. அதனை முழுமையாக நீட்ட முடியாது. கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் மிதவேகமாகப் பந்துவீசி வந்த அவரைப் பதினான்கு வயதளவில் சுழற்பந்துக்கு மாறுமாறு கூறியவர் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ ஆவார்.

1995ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி மெல்போர்ன் மைதானத்தில், உலகமே பார்த்துக்கொண்டிருக்க, அவர் பந்தை எறிகின்றார் என நடுவர் ஏழு தடவை அறிவித்தார். எத்தனையோ பேர் அன்றோடு ஒதுங்கியிருப்பர். அவர் ஆய்வுகூடப் பரிசோதனைகளுக்கு உட்பட்டார். தொடர்ந்து பயிற்சி செய்தார். அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க அவரைக் கைவிடவில்லை. 2010ஆம் ஆண்டு ஜூலையில் காலி மைதானத்தில் தமது 800ஆவது டெஸ்ட் விக்கெட்டைப் பெற்று அவர் விடைபெற்றார்.

வளைந்த முழங்கை, தந்தையின் வசதி, பயிற்றுநரின் கண், தலைவரின் துணை ஆகியவை அவர் தாமே சம்பாதித்தவை அல்ல. ஆயிரக்கணக்கான மணித்தியாலங்கள் பந்து வீசிய பயிற்சியோ முற்றிலும் அவருடையது. அப்பயிற்சி இல்லாதிருந்தால், வளைந்த கை ஒரு குறைபாடாகவே இருந்திருக்கும்.

இளைஞர்களுக்கு

அன்பின் இளைஞர்களே! நாளை எச்சந்தர்ப்பம் வரும் என்பது உங்கள் கையில் இல்லை. வரும்போது நீங்கள் ஆயத்தமாக இருப்பீர்களா என்பது உங்கள் கையில் உள்ளது. பஸ் நிலையத்தில் லொத்தர் சீட்டு வாங்குபவனும் நஸீபையே தேடுகின்றான்; தாயத்துக் கட்டி, பரீட்சைக்கு எண் பார்ப்பவனும் அதையே தேடுகின்றான். இவை மார்க்கம் தடுத்தவை என்பது ஒருபுறமிருக்க, அறிவுக்கும் பொருந்தாதவை. சந்தர்ப்பத்தைத் தேடுபவன் அது நடமாடும் இடத்துக்குச் செல்ல வேண்டும். விண்ணப்பம் அனுப்புங்கள், இரண்டாம் முறையும் அனுப்புங்கள். சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் கற்றுக்கொள்ளுங்கள். கற்றவர்களிடம் சென்று வெட்கப்படாமல் கேளுங்கள்.

உங்களுக்கு ஏற்கெனவே திறந்திருக்கும் கதவையும் அறிந்துகொள்ளுங்கள். விஞ்ஞானம், வர்த்தகம் போன்ற துறைகளில் பல்கலைக்கழக அனுமதியில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கெனவும் ஒதுக்கப்படுகின்றது. அம்மாவட்டங்களுள் நுவரெலியாவும் ஒன்று. கொழும்பில் வாய்ப்பைத் தராத புள்ளி இங்கே அதனைத் தரக்கூடும். இது சமூகம் உங்கள் குறையை ஈடுசெய்ய வைத்த ஏணி. ஏறுவது உங்கள் கால்கள்தான். உள்ளே சென்ற பின்னர், நான் மட்டுமே கெட்டிக்காரன் என்று எண்ணிவிடாதீர்கள்.

நம் முன்னோரையும் நினைவுகூருங்கள். கண்டி இராச்சியத்து முஸ்லிம்கள் பலர் தவளம் எனப்பட்ட பொதிமாட்டு வணிகத்தில் ஈடுபட்டிருந்தனர். வண்டிப் பாதைகளும் புகையிரதமும் வந்தபோது அத்தொழில் மறைந்தது. 1884இல் புகையிரதம் ஹட்டனை அடைந்தது. பாதை மாறியதை உணர்ந்து தொழிலை மாற்றிக்கொண்டோர் மலைநாட்டுக் கடைவீதிகளில் நிலைபெற்றனர். இன்றும் பாதை மாறிக்கொண்டுதான் இருக்கின்றது. வாப்பாவின் கடை இருக்கின்றதே என்று புத்தகத்தை மூடிவைக்கும் மகனுக்கு, அந்தப் பொதிமாடுகளின் கதை ஓர் எச்சரிக்கையாகும்.

பெற்றோர்களுக்கு

மதிப்புக்குரிய பெற்றோர்களே! பிள்ளையிடம் முயற்சியைக் கேளுங்கள்; முடிவுக்கு மட்டும் கணக்குக் கேட்காதீர்கள். புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்கு ஒரு புள்ளி குறைந்த பத்து வயதுக் குழந்தையை, ஒரு புள்ளி கூடிய குழந்தையோடு ஒப்பிட்டு ஏசுவது எந்த வகையில் நியாயம்? அன்றைய காய்ச்சலும், வினாத்தாளின் போக்கும், பாடசாலையில் கணித ஆசிரியர் இருந்தாரா என்பதும் அந்த ஒரு புள்ளிக்குள் அடங்கியிருக்கக்கூடும். உழைத்தும் தோற்ற பிள்ளையை உங்கள் வீடு அணைக்க வேண்டும். உழைக்காமல் வென்ற பிள்ளையை உங்கள் வீடு எச்சரிக்க வேண்டும்.

அவ்வாறே, "நம் பிள்ளைக்கு நஸீப் அவ்வளவுதான்" என்று விரைவில் முடிவு செய்துவிடாதீர்கள். குறிப்பாகப் பெண்பிள்ளைகளின் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு, அதற்கு நஸீப் என்று பெயரிடாதீர்கள். அது நீங்கள் எடுத்த முடிவு. அதற்குரிய பொறுப்பும் உங்களுடையதே. பல்கலைக்கழகம் கிடைக்காவிடின் வாழ்க்கை முடிந்துவிடுவதும் இல்லை. மின்னியல், குழாய் பொருத்துதல், தாதியர் பயிற்சி, கணக்கியல் என ஹலாலான கைத்தொழில்கள் பல உள்ளன. தன் கையால் உழைத்து உண்பதை நம் மார்க்கம் உயர்வாகவே போற்றுகின்றது.

கதவைத் திறந்தவர்கள்

ஒருவருடைய நஸீப் பல வேளைகளில் மற்றொருவருடைய வியர்வை என்று முன்னர் கூறினோம். அதற்கு நம் சமூகத்திலேயே ஓர் ஒளிமிக்க சான்று உண்டு. 1838இல் கண்டியில் பிறந்த அறிஞர் சித்தி லெப்பை அவர்கள், சட்டத்துறையிலிருந்த தந்தைக்கு மகனாகப் பிறந்தவர். அது அவருக்கு வாய்த்த நஸீப். படித்துச் சட்டத்தரணியானது அவருடைய உழைப்பு. அத்தோடு நின்றிருந்தால் அவர் வசதியாக வாழ்ந்து மறைந்த பலருள் ஒருவராகியிருப்பார். ஆனால் அவர் முஸ்லிம் பிள்ளைகள் நவீன கல்வியின்றிப் பின்தங்குவதைக் கண்டு வருந்தினார். 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். கண்டியில் பெண்பிள்ளைகளுக்கும் பாடசாலை அமைத்தார். வாப்பிச்சி மரைக்கார் முதலியோரோடு சேர்ந்து அவர் பாடுபட்டதன் பயனாக, 1892இல் கொழும்பு மருதானையில் இன்றைய ஸாஹிராக் கல்லூரிக்கு வித்திடப்பட்டது. 1898இல் அவர் மறைந்தார்.

அவருக்குப் பின் ஸாஹிராவில் படித்து உயர்ந்த எத்தனையோ பேர், தம் உயர்வைத் தம் உழைப்பு என்று கூறியிருக்கலாம். அவர்கள் உழைத்தது உண்மையே. எனினும் அவர்கள் பிறக்குமுன்பே, அவர்களைக் காணாத ஒருவர் அவர்களுக்காகக் கதவைத் திறந்து வைத்திருந்தார்.

ஆகவே நேயர்களே, உழைப்பா நஸீபா என்னும் வினாவுக்கு இவ்வாறு விடை கூறலாம். உழைப்பு நம்மீது கடமை. அதில் சாக்குக்கு இடமில்லை. பலன் அல்லாஹ்வின் கொடை. அதில் பெருமைக்கு இடமில்லை. அக்கொடை பெரும்பாலும் மனிதர்களின் கைகள் வழியாகவே வந்து சேர்கின்றது. எனவே, பெற்றவர்கள் மீது ஓர் அமானத் இருக்கின்றது. மஸ்கெலியாவில் ஒரு கடை நடத்துபவர், வேலை கேட்டு வரும் இளைஞனுக்குக் கணக்கெழுதக் கற்றுக்கொடுக்கலாம். பல்கலைக்கழகம் சென்ற மாணவி, விடுமுறையில் ஊருக்கு வந்து நான்கு பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுக்கலாம். பள்ளிவாசல் நிர்வாகம், ஏழைப் பிள்ளையின் பஸ் கட்டணத்தைப் பொறுப்பேற்கலாம். அந்தப் பிள்ளை லயத்திலிருந்து வரும் அயலவரின் பிள்ளையாக இருந்தாலும் கதவை மூடிவிடாதீர்கள். அயலவரின் உரிமையை நம் மார்க்கம் மத வேறுபாடு பார்த்துக் கற்பிக்கவில்லை.

இன்று உங்களை வந்தடைந்த நன்மை ஒன்றை எண்ணிப் பாருங்கள். அதற்குக் காரணமாக இருந்த ஓர் ஆசிரியரையோ, ஓர் உறவினரையோ, ஓர் அயலவரையோ நினைத்து அவருக்காகத் துஆச் செய்யுங்கள். பின்னர், நீங்கள் யாருக்கு அவ்வாறான ஒருவராக இருக்கப் போகின்றீர்கள் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

யா அல்லாஹ்! உழைக்கும் வலிமையையும், பொருத்தமான வேளையையும், நல்ல மனிதர்களின் துணையையும் எங்கள் பிள்ளைகளுக்குத் தருவாயாக. வென்றபோது பணிவையும், தோற்றபோது பொறுமையையும் தருவாயாக. பிறருடைய நன்மைக்கு எங்களைக் காரணமாக்குவாயாக. ஆமீன்.